தேமாங்கனிப் பச்சை

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
கரண்ட் போய் ஜெனரேட்டர் முக்கி எழுவதற்குள்
லீட்ஸிலிருந்து ஃபியோனா மூன்று சொல் சொன்னாள்:
டீப் சீ கிரீன்.
லேப் டிப் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க நாளில்லை.
இருபத்திரண்டாம் தேதி கப்பல்.

ஊத்துக்குளியில் தமிழ் மீடியம் படித்தவள் நான்.
எந்தச் சொல் காதில் விழுந்தாலும்
விரல் தானாக அசை பிரிக்கும்.
டீப், நேர். சீ, நேர். கிரீன், நிரை.
தேமாங்கனி என்று ஆர்டர் ஷீட் ஓரத்தில் கிறுக்கிவிட்டு
நடுவில், கடல் பச்சை, கொஞ்சம் அடர்த்தியாக,
என்று எழுதி
வீரபாண்டி சாயப்பட்டறைக்கு அனுப்பினேன்.

அவள் சொன்னது அதுவல்ல.
முதல் சொல்லில் காலை ஊன்றி,
இரண்டாவதை அதன் இடுப்பில் ஏற்றி,
மூன்றாவதைச் சும்மா பின்னால் நடக்க விட்டிருந்தாள்.
ஆழ்கடல். ஒரே சொல். அதனுடைய பச்சை.
வெயில் எட்டாத, கறுப்புக்குப் பக்கத்து வீட்டுப் பச்சை.
நான் மூன்றையும் ஒரே தராசில்
ஒரே எடையாகக் கேட்டுவிட்டேன்.

நம் கணக்கு அப்படி.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
ஒற்றுக்கும் அரை உண்டு.
வேலைக்கு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.
அங்கே ஒருத்திக்குத்தான் சம்பளம்.
மற்றவர்கள் வாயைத் திறந்து மூடிவிட்டுப் போக வேண்டியது.
கம்ஃபர்டபிள் என்று அவள் சொல்லும்போதெல்லாம்
நடுவில் ஓர் அசை
ஷிஃப்ட்டுக்கே வருவதில்லை.

பலகையைப் பல கை என்று நானும் பிரித்திருக்கிறேன்,
தேர்வில், இரண்டு மதிப்பெண்ணுக்கு.
நானூறு கிலோ காட்டனுக்கு அல்ல.

திங்கட்கிழமை துணி வந்தது,
வாழைக்குருத்தை அலசிப் போட்டது போல.
"இதென்னங்க மாஸ்டர், இத்தன வெளுப்பா?"
சென்னியப்பன் மூக்கைச் சொறிந்தார்.
"ஏனுங் அம்மிணி, கடல்னுதான எழுதியிருந்தீங்க?
ராமேசுவரத்துல ஒருக்கா எறங்கியிருக்கறனுங்,
இடுப்பு மட்டுக்கும்.
இதே கலருதானுங்."

இடுப்பு மட்டுக்கும்!
அதற்குமேல் அவரைக் கேட்க எனக்கு வாயில்லை.
எங்கள் ஊர்ப்பக்கம் கடல் என்பதே கேள்விப்பட்ட சொல்.

மறுநாள் வீடியோ கால்.
ஃபியோனா பேனாவால் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள்.
முதல் தட்டு மட்டும் சத்தம்.
அப்போதுதான் கேட்டது எனக்கு,
ஆறு மாதமாக அவள் பேசிய அத்தனையிலும்
அந்தத் தட்டு இருந்தது.

பிறகு ஒரு நீளமான சொல் வந்தது:
ரெஸ்பான்ஸிபிலிட்டி.
முதலாளி அதைத் திருப்பிச் சொன்னார்,
நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிவைப்பது மாதிரி
ஆறு துண்டும் ஆறு சமம்.
அவள் வாயில் இடி விழுந்தது
நான்காவது துண்டில், பி-யில்.
என் விரல் மேசைக்கடியில் வேலையைத் தொடங்கியிருந்தது:
நேர் நேர் நிரை நேர் நேர்.
இடி விழுந்த பி-யை
ஸி-யோடு சேர்த்து நிரைக்குள் ஒளித்துவைத்தேன்.
அப்படியும் ஐந்து அசை.
நாலசைக்கு மேல் யாப்பில் சீரே கிடையாது;
அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

என் சம்பளத்தில் வைத்தார்கள். மூன்று மாதம்.

பச்சை அத்தனையும் தைத்து
காதர்பேட்டைக்குப் போனது.
இரண்டு டி-ஷர்ட் நூற்றைம்பது.

இப்போது எதை எழுதினாலும்
சிவப்பு மையில் ஒரு புள்ளி வைக்கிறேன்,
எந்தத் துண்டில் கால் ஊன்ற வேண்டுமோ அதன் தலையில்.
டார்க்ரூம் ஒன்று, டார்க் ரூம் வேறு.
சரியாகத்தான் வைக்கிறேன், பெரும்பாலும்.

நேற்று பல்லடம் பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவர்,
முதுகு முழுக்க ராமேசுவரம்.
டிக்கெட் கேட்டார், கடைசி எழுத்தை இழுத்து:
"வீரபாண்டி ஒன்னு குடுங்..."
அழுத்தம் எங்கே என்று தேடினேன்.
புள்ளி வைக்க இடமில்லை.
பஸ் கிளம்பிய பிறகும் அந்த ங்
போய்க்கொண்டே இருந்தது.